எதிர் வீட்டை விட அரை அடி

டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தால் சுப்பராயலு வாங்க மாட்டார். "குடிக்க இல்லீங்க. பக்கெட்டுல குடுங்க." அதை வாசலில் மெல்லச் சாய்ப்பார். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டே நிற்பார். அது ஓடி அடங்கிய பிறகுதான் டேப்பை எடுப்பார்.

கேட்டிலிருந்து போர்டிகோ வரை கார் ஏறக் கான்கிரீட் போடுவது அவர் தொழில். செம்மண்டலத்தில் எங்கள் தெருவின் பாதி வாசல்கள் அவர் போட்டவை. கணக்கெல்லாம் முணுமுணுப்பிலேயே நடக்கும். "நீளம் முப்பது, அகலம் பத்து... சிமெண்ட் இருபத்தெட்டு மூட்டை, ஜல்லி ஒரு யூனிட்டு..." நடுவில் யாராவது பேசிவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு முதலிலிருந்து தொடங்குவார். அப்படியும் மண் அடிக்கிற கூலியை விட்டுவிட்டுக் கைக்காசைப் போட்டதுண்டு. கணக்கில் கெட்டிக்காரர் என்று சொல்ல முடியாது.

உயரத்தை மட்டும் அவர் முடிவு செய்வதில்லை. எதிர் வீடுதான் முடிவு செய்யும். "எதிர் வீட்டை விட அரை அடி ஒசத்தி" என்பதே இங்கே எல்லோரும் கேட்கும் அளவு. ஒருவர் வாசலை ஏற்றினால் மழைத்தண்ணீர் எதிர்ப்பக்கம் போகும். அடுத்த ஆண்டு எதிர் வீட்டுக்காரர் ஏற்றுவார். பிறகு ரோட்டையும் ஏற்றிப் போடுவார்கள். எல்லாத் தண்ணீரும் கடைசியில் தெருக்கோடிப் பள்ளத்துக்கு இறங்கும். அங்கே இருப்பது சுப்பராயலுவின் வீடு.

போன ஐப்பசியில் உள்ளே முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அவர் மனைவி தங்கம்மாள் சிதம்பரத்தில் தம்பி வீட்டுக்குப் போய்ப் பொங்கலுக்குத்தான் திரும்பினாள். வந்த அன்றே தெருவில் வைத்துச் சொன்னாள்: "இன்னொருவாட்டி தண்ணி ஏறுச்சுன்னா நான் அங்கியே இருந்துக்குவேன். நீ ஊரான் வாசலுங்களோட இரு."

சென்ற வாரம் மாலதி டீச்சர் கூப்பிட்டிருந்தார். போன மழையில் அவர் கார் சக்கரம் முழுகிவிட்டது. எதிர் வீட்டு அன்புமணி கேட்டில் சாய்ந்து வேடிக்கை பார்த்தார்.

"போடு மேஸ்திரி. அடுத்த வருஷம் நான் அவுங்களை விட ஒரு சாண் ஏத்திக்கிறேன்."

"ஏத்துங்க சார். காரை மொட்டை மாடியிலயே நிறுத்திக்கலாம்" என்றார் டீச்சர். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இதனால ஒங்க வீட்டுக்கு ஜாஸ்தி வந்துடாதா மேஸ்திரி?" என்று கேட்டார்.

"வரும் டீச்சர்."

"தெரிஞ்சும் போடுறீங்களே."

அவர் டேப்பைச் சுருட்டினார். "நான் மாட்டேன்னா நாளைக்கே வேற ஆளு வருவான். தண்ணி எப்படியும் என் வூட்டுக்குத்தான் வரப்போவுது. கூலியாவது சேந்து வரட்டும்."

பக்கத்தில் என் வீட்டு மதிலோரம் நின்ற நான் இதற்கு மறுப்புத் தேடிப் பார்த்தேன். தப்பு எங்கோ இருக்கிறது. எந்த இடத்தில் என்று சொல்லத் தெரியவில்லை.

"அம்பத்தஞ்சாயிரம் ஆவும்" என்றார் சுப்பராயலு. டீச்சர் பேரம் பேசாமல் சரி என்றுவிட்டார். சுப்பராயலுவின் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. அதிகம் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ.

சாயங்காலம் என் வாசலைப் பற்றிக் கேட்க அவர் வீட்டுக்குப் போனேன். செய்தி தங்கம்மாளுக்கு எட்டியிருந்தது. அவள் வாசற்படியில் கை கட்டி நின்றாள். உள்ளே சுப்பராயலு, அடிப்பக்கம் துருவேறிய பீரோவின் ஒரு மூலையை முதுகு கொடுத்துத் தூக்கிப் பிடித்திருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. தண்ணீர் தொடாதபடி பீரோவின் காலுக்கு அடியில் வைக்க வேண்டிய செங்கல் அவர் கைக்கு எட்டாமல் கிடந்தது. அவர் அவளைக் கூப்பிடவில்லை.

அவள் அதைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய், குனியாமல், காலாலேயே அந்தச் செங்கல்லை அடியில் தள்ளினாள்.