காலில் தொடங்கிய விமானம்

செருப்புக் கடையில் அவருக்கு எட்டரை என்று பெயர். ஆள் வாசற்படி ஏறும்போதே கால் அளவைச் சொல்லிவிடுவார். ஒருமுறை கடை முதலாளியின் சம்பந்தி வந்து ஒன்பதாம் நம்பர் கேட்டார். "ஐயாவுக்கு எட்டரை. ஒன்பது போட்டா செருப்பு ஒரு பக்கம் போகும், நீங்க ஒரு பக்கம் போவீங்க" என்று இவர் சொல்லிவிட்டார். போட்டுப் பார்த்தால் எட்டரைதான். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர், இருபத்திரண்டு வருஷமாக உரியவில்லை. குட்டை முக்காலியில் உட்கார்ந்தே பிழைப்பு நடத்துகிறவர் என்பதால் வாடிக்கையாளர்களின் முகம் அவருக்கு மறந்துபோகும். கால் மறக்காது.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், கடையில் ஈ ஓட்டுகிற நேரத்தில், முப்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருவர் வந்தார்.

"அடி மெல்லிசா இருக்கற ஷூ வேணும். காலுக்குக் கீழ என்ன இருக்குன்னு தெரியணும்."

எல்லோரும் பஞ்சு மெத்தை போல வேண்டும் என்று கேட்கிற காலத்தில் இப்படி ஒருவர் கேட்டதும் எட்டரை நிமிர்ந்து பார்த்தார். "ஏம்மா, டான்ஸ் ஆடுவீங்களா?"

"இல்லைங்க. சின்ன விமானம் ஓட்டக் கத்துக் குடுக்கறேன்."

"அதுக்கு எதுக்கும்மா காலு?"

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே இரண்டு பாதங்களையும் தரையில் சேர்த்து வைத்துக் காட்டினார். "தரையில போறப்ப வண்டியத் திருப்பறதே கால்தாங்க. ரெண்டு மிதி இருக்கும். வலது மிதிச்சா வலது பக்கம், இடது மிதிச்சா இடது பக்கம். விரல் பக்கத்த அழுத்தினா பிரேக். கிளம்பறப்ப விமானத்தோட மூக்கு இடது பக்கமா இழுக்கும், வலது கால் விடாம பிடிச்சுக்கணும்."

எட்டரைக்குக் கையில் இருந்த பெட்டி மூடி அப்படியே நின்றது. விமானம் என்றால் கையையும் மூளையையும் வைத்து ஓட்டுகிற, படித்தவர்களின் சமாச்சாரம் என்று நினைத்திருந்தவர் அவர். அதில் காலுக்கும் இவ்வளவு பங்கா? வீட்டிலேயே கம்ப்யூட்டரில் ஓட்டிப் பழகலாம், அதற்கென்று மிதியும், கையில் பிடித்து ஓட்டுகிற குச்சியும் விற்கிறார்கள் என்று அந்த டீச்சர் போகிற போக்கில் சொன்னதுதான் வினையாயிற்று.

இரண்டு தெரு தள்ளி, மனைவியின் தம்பி கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தான். எட்டரை மறுநாளே போய் நின்றார்.

"முதல்ல மிதி காட்டு மாப்ள."

"மாமா, எல்லாரும் திரையில ஆரம்பிப்பாங்க. நீங்க தரையில ஆரம்பிக்கிறீங்களே! வீட்ல அக்கா டைப் அடிக்கற கம்ப்யூட்டர்தானே இருக்கு? அது விமானத்தத் தாங்காது. உள்ள படம் காட்டறதுக்குப் பெரிய கார்டு போடணும், அது வர ஒரு மாசம் ஆகும்."

"ஒரு மாசம் கழிச்சு வரட்டும். இப்ப மிதி."

மச்சினன் மூன்று விதம் எடுத்து வைத்தான். எட்டரை சாக்ஸைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். முதல் ஜோடி பிளாஸ்டிக். மிதித்ததும் வழுக்கிக்கொண்டு போய் மேஜைக்கு அடியில் ஒளிந்தது. இரண்டாவதில் இரண்டு மிதிக்கும் நடுவே இடைவெளி போதவில்லை. "முழங்கால் ரெண்டும் இடிச்சுக்குது. ரெண்டு மணி நேரம் இப்படி உக்காந்தா இடுப்பு போயிடும்" என்று ஒதுக்கினார். மூன்றாவது இரும்பு, நல்ல கனம், அகலமும் சரி. ஆனால் ஸ்பிரிங் முரட்டு ஸ்பிரிங். கொஞ்சமாக அழுத்தினால் அசையவில்லை, பலமாக அழுத்தினால் ஒரேயடியாகப் போனது. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து போனார். அடுத்த நாள் வந்து மூன்றையும் மறுபடி மிதித்தார். அதற்கடுத்த நாள், கடையிலிருந்து பாதம் அளக்கிற பலகையையும் கொண்டுவந்து இடைவெளியை அளந்தார்.

மச்சினனுக்குப் பொறுமை போய்விட்டது. "மாமா, உங்க கடையில ஒருத்தர் இப்படிப் பண்ணினா என்ன செய்வீங்க?"

"மனசுக்குள்ள திட்டிக்கிட்டே இன்னொரு ஜோடி எடுத்துப் போடுவேன்."

கடைசியில் இரும்பு மிதியே வீட்டுக்கு வந்தது. எட்டரை அதைப் பிரித்துப் போட்டு, முரட்டு ஸ்பிரிங்கைக் கழற்றி, இரும்புக் கடையில் தேடிப்பிடித்த மெல்லிய ஸ்பிரிங்கை மாட்டினார். அடியில், ஷூவுக்கு ஒட்டுகிற வரி போட்ட ரப்பரை வெட்டி ஒட்டினார். பிறகு அது டைல்ஸ் தரையில் ஒரு மயிரிழை நகரவில்லை.

அடுத்த ஒரு மாதம் அவரிடம் இருந்தது மிதி மட்டும்தான். வேலை முடிந்து வந்ததும் சாப்பாட்டு மேஜை நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு மிதிப்பார். மனைவி வக்கீல் ஆபீஸில் தட்டச்சு செய்கிறவர். கணவரின் பைத்தியங்கள் அவருக்குப் புதிதல்ல.

"எங்க போயிட்டிருக்கீங்க?"

"ஓடுபாதைக்குத் திரும்பறேன்."

"திரும்பற வழியில அந்த அடுப்ப அணைச்சிட்டுப் போங்க."

கார்டு வந்தது. மேஜையில் வைக்க மச்சினன் ஒரு பழைய பெரிய திரையைக் கொடுத்தான். பாக்கி இருந்தது கைக்கு என்ன வாங்குவது என்பதுதான். எட்டரைக்குப் பாதிச் சக்கரம் மாதிரி இருந்த பிடியின் மேல் ஒரு கண். ஆனால் அதை மேஜை விளிம்பில் திருகி மாட்ட வேண்டும்.

"என் சாப்பாட்டு மேஜையில எதையும் திருகக் கூடாது" என்று மனைவி ஒரே போடாகப் போட்டுவிட்டார். ஆகவே கனமான அடித்தட்டு வைத்த குச்சி வந்தது. எடுத்து வைத்தால் விமானம், தூக்கி ஓரமாக வைத்தால் சாப்பாடு.

முதல் நாள் தரையில் அவர் ஓட்டியதைப் பார்த்து மச்சினனே வாயைப் பிளந்தான். மஞ்சள் கோட்டின் மேல் முன்சக்கரம் நூல் பிடித்த மாதிரி போயிற்று. ஓடுபாதையில் வேகமெடுத்தபோதும் மூக்கு இம்மி விலகவில்லை. மேலே ஏறியதும்தான் வண்டவாளம் தெரிந்தது. குச்சியை அவர், இறுகிய பூட்ஸைக் காலிலிருந்து கழற்றுகிறவர் போலப் பிடித்திருந்தார். விமானம் தலையாட்டிக்கொண்டே போய் ஒரு வயலில் குத்தியது. அடுத்த நாள் ஏரி. அதற்கடுத்த நாள் அதே ஏரி.

அதன்பின் கொஞ்ச நாள் அவர் மேலே ஏறவே இல்லை. விமான நிலையத்துக்குள்ளேயே வளைந்து வளைந்து ஓட்டி, கோட்டில் நிறுத்தி, மறுபடி கிளம்பினார். அதிலேயே அவருக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

"இவ்வளவும் வாங்கி பஸ் ஓட்டறீங்களே மாமா!" என்று மச்சினன் தலையில் அடித்துக்கொண்டான்.

விமான டீச்சர் இன்னொரு ஜோடி வாங்க வந்தபோது, எட்டரை குனிந்த தலை நிமிராமல் விஷயத்தைச் சொன்னார். டீச்சர் சிரிக்கவில்லை.

"எங்ககிட்ட வர்றவங்களுக்கெல்லாம் கை வந்துடும், கால் தூங்கிடும். உங்களுக்குத் தலைகீழா இருக்கு. குச்சிய ரெண்டு விரல்ல தொட்டாப் போதுங்க. அது தானாப் பறக்கும், நீங்க லேசா யோசனை சொன்னாப் போதும்."

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை இரண்டு விரலால் தொட்டார். ஐந்து நிமிஷத்தில் ஐந்து விரலும் வந்து சேர்ந்துகொண்டன. ஏரி மறுபடி திரையை நிறைத்தது. துணி மடித்துக்கொண்டிருந்த மனைவிக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"அத ஏங்க கழுத்த நெரிக்கிறீங்க? தள்ளி உக்காருங்க."

"நான் தள்ளி உக்காந்தா மிதிய யாரு பாக்கறது?"

"மிதிய நீங்களே வச்சுக்கங்க. குச்சிய இப்படிக் குடுங்க."

இன்னொரு நாற்காலி பக்கத்தில் வந்தது. எட்டரை காலால் ஓடுபாதையில் நேராகப் பிடித்துக்கொண்டு போனார். "இப்ப இழு, மெதுவா" என்றார். நாளெல்லாம் விசைப்பலகையில் ஓடிப் பழகிய விரல்கள் குச்சியைத் தொட்டும் தொடாமலும் இழுத்தன. விமானம் ஒரு குலுக்கல் இல்லாமல் எழும்பியது. வயல் சின்னதாயிற்று, ஏரி ஒரு தட்டளவு ஆயிற்று.

"திரும்பட்டுமா?"

"திரும்பு, நானும் கூடவே மிதிக்கிறேன். அவ்வளவு வேகமா வேணாம்!"

"நான் மெதுவாத்தான் திருப்பறேன். உங்க கால்தான் முந்துது."

இறங்கும்போது மூன்று தரம் தவளை மாதிரி குதித்து, பாதையை விட்டுப் புல்லில் ஏறி நின்றது. ஆனால் முழுசாக நின்றது. மனைவி கையை உதறிக்கொண்டு, "ஐயோ, வேர்த்துப்போச்சு" என்றார். முகம் அந்த வேர்வையிலும் ஜொலித்தது. எட்டரை நாற்காலியை விட்டு எழுந்து வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "இன்னொரு தரம்?" என்று கேட்பதற்குள் மனைவி துணிக் கூடையைக் காலால் ஓரமாகத் தள்ளியிருந்தார்.

இப்போதெல்லாம் ஞாயிறு காலையில் இருவரும் சேர்ந்துதான் கிளம்புகிறார்கள். எங்கே போவது என்று வெள்ளிக்கிழமையே வாக்குவாதம் ஆரம்பமாகிவிடும். அவருக்குக் கடற்கரை வேண்டும், மனைவிக்கு மலை வேண்டும். போன வாரம் மச்சினன், இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற கைப்பிடி ஒன்றைப் பரிசாகக் கொண்டுவந்தான். அது யார் பக்கம் இருக்க வேண்டும் என்று எட்டரை வாயைத் திறக்குமுன், மனைவி அதைத் தன் இடது கைப்பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டார். எட்டரைக்கு அப்போது பக்கவாட்டில் அடிக்கிற காற்றில் விமானத்தின் மூக்கை நேராக வைத்துக்கொள்ளும் வேலை இருந்தது.