பலகையில் வரைந்த ஜாக்கெட்

பூந்தமல்லி போகும் பெரிய ரோட்டில், நூம்பல் திருப்பத்தில், உங்கள் அம்மா தையல் கடை வைத்திருந்தது உங்களுக்குத் தெரியும். அந்தக் கடை எப்படி நிலைத்தது என்பது தெரியாது. அதைத்தான் எழுதுகிறேன்.

திறந்து இரண்டு மாதம் ஆகியும் கிழிசல் தைக்கத்தான் ஆள் வந்தது. "தீபாவளிக்குள்ள புதுத்துணி வரலைன்னா மெஷினை எங்க அண்ணன் வீட்டுக்கே அனுப்பிடுங்க" என்று அம்மா சொல்லிவிட்டாள். மெஷின் அவள் அண்ணன் கொடுத்தது. அது திரும்பிப் போனால் அவள் மனசு உடைந்துவிடும் என்று எனக்குத் தெரியும்.

பலகை வைக்கலாம் என்று பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு அருகே இருந்த ஆர்டிஸ்டிடம் போனேன். லாரிக் கதவு, கட்சிச் சுவர், கல்யாண வளைவு எல்லாம் அவர் வேலைதான். எழுத வேண்டியதை நான் ஒரு முழுப் பக்கத்துக்கு எழுதிக்கொண்டு போயிருந்தேன். நான் வேலை பார்த்த ஃபேக்டரியின் நோட்டீஸ் போர்டைப் பார்த்துப் பழகிய புத்தி. அவர் படித்துவிட்டு என்னை பஸ்ஸில் ஏற்றினார். ரோட்டோரப் பலகை யார் கேட்டாலும் முதலில் இப்படித்தான் செய்வாராம்.

ஜன்னலோரம் உட்கார வைத்து, வழியில் வந்த ஒரு கடையின் பலகையைக் காட்டினார். "இன்னா எழுதிகீது, படி அண்ணாத்தே."

இரண்டு வார்த்தை படிப்பதற்குள் பஸ் தாண்டிவிட்டது.

"நீ எழுதிகினு வந்தத படிக்கணும்னா டிரைவர் வண்டிய நிறுத்திட்டு டீ குடிக்கப் போவணும்" என்றார்.

கடைசியில் ஒரே ஒரு சிவப்பு ஜாக்கெட் வரைந்தார். கீழே 'தைக்கப்படும்' என்று ஒற்றை வார்த்தை. ஜாக்கெட்டின் கை மட்டும் தோளில் மொட்டு மாதிரி உப்பி, கீழே மூன்று மடிப்பும் ஒரு ரிப்பன் முடிச்சுமாக இருந்தது.

அதே வாரம் ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் பெண்கள் இருவர் துணியோடு பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள். "போர்டுல இருக்கிற மாதிரி கை வைக்கணும்" என்றார்கள். அம்மா தலையாட்டி வாங்கிக்கொண்டாள். அவர்கள் போனதும் என்னிடம், "அப்படி ஒரு கை எங்கேயும் கிடையாதுங்க. யாரும் தைச்சதே இல்லை" என்றாள்.

ஆர்டிஸ்டிடம் சொன்னேன். உடனே பிரஷ்ஷோடு வந்துவிட்டார். "எனக்கு இன்னா தெரியும் யக்கா, கைபோன போக்குல வரைஞ்சிட்டேன். அழிச்சிடட்டா?"

"தொடாதே தம்பி. அதைப் பார்த்துத்தான் வந்திருக்காங்க."

அம்மா செய்தித்தாளும் கத்தரியுமாக எதிர்ப்பக்கம் போய் நின்று, பலகையைப் பார்த்துப் பார்த்து வெட்டினாள். மூன்றாவது தாளில் கை உப்பி நின்றது. ஆர்டிஸ்ட் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பிரஷ்ஷைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

அந்தத் தீபாவளிக்கு குவார்ட்டர்ஸில் எந்த வீட்டு வரிசையில் நடந்தாலும் அந்தக் கைதான். பூந்தமல்லி ரிப்பன் கடைக்காரர்கூட முடிச்சுக்கென்று தனியாகச் சரக்கு வரவழைத்தார். ஒருவர் சும்மா வரைந்ததில் இத்தனை பேருக்கு வேலை. மெஷின் எங்கும் போகவில்லை.

அதன் பிறகு எந்தத் தையல் கடைக்குப் பலகை எழுதுவதென்றாலும் அவர் முதலில் தாளில் வரைந்து அம்மாவிடம் கொண்டு வருவார். "இத தைக்க முடியுமா யக்கா?"

சில சமயம் அம்மா முடியாது என்று சொல்லிவிட்டு, தாளை மட்டும் வாங்கி வைத்துக்கொள்வாள்.