பூனையின் இடது பக்கம்

நான் வேலை செய்வது மாத்திரை தயாரிக்கும் கம்பெனி ஒன்றில், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில். அங்கே எதையும் வாயால் சொன்னால் செல்லாது. எழுதி, தேதி போட்டு, கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். இந்தப் பழக்கத்தை வீட்டுக்குக் கொண்டுவராதே என்று அம்மா பலமுறை சொல்லியிருக்கிறாள். எழுதிக் கொடுக்கவில்லை என்பதால் நான் அதைக் கண்டுகொள்ளவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா கடலூருக்குக் கிளம்பியபோது இந்தப் பழக்கம் ஒரு பூனையின் மேல் பாய்ந்தது. அக்காவின் வீட்டுக்காரர் மதகடிப்பட்டில் துணிக்கடை வைத்திருக்கிறார். காலையில் போனால் கடையை அடைத்துவிட்டுத்தான் வருவார். மகளுக்குத் தலைப்பிரசவம் என்று அக்கா இருபது நாள் போகவேண்டியிருந்தது. பச்சைக் குழந்தை இருக்கப்போகும் வீட்டுக்குப் பூனையைக் கொண்டுபோக முடியாது. அதனால் எங்களிடம் விட்டார். விரல் நீள முடியும் சப்பை மூக்குமாக வெள்ளை நிறப் பெர்ஷியன் பூனை. கரும்பும் நெல்லும் சூழ்ந்த எங்கள் தெருவில் அது நடந்தால், கல்யாண வீட்டுக்கு வந்தவர் வழி தவறி மாட்டுக்கொட்டகைக்குள் நுழைந்ததுபோல் இருக்கும். அதற்கு ஒரு பெயர் உண்டு. நான் கூப்பிட்டு ஒருநாளும் வந்ததில்லை என்பதால் அதை இங்கே எழுதவில்லை.

அக்கா பூனையோடு வந்தபோது நான் அட்டவணையோடு தயாராக இருந்தேன். வேலை, அளவு, நேரம், எத்தனை முறை என்று நான்கு கட்டங்கள்.

“இன்னாம்மா இது, ரேஷன் கார்டு மாதிரி?” என்றார் அக்கா.

“நீங்க சொல்லுங்கக்கா, நான் எழுதிக்கறேன்.”

“எழுதறதுக்கு இன்னா இருக்குது? ரெண்டு வேள சாப்பாடு, தண்ணி. தெனம் சீவி வுடணும். அக்குளு, காதுக்குப் பின்னால, வயிறு. சாப்பாடு ஒரு வேள தவறினாகூட பரவால்ல, சீவறத மட்டும் வுட்டுடாத.”

எழுதிக்கொண்டேன். கடைசியில் கையெழுத்துக் கேட்டேன். அவர் என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே போட்டார்.

அவருடைய ஆட்டோ தெருமுனை திரும்பியதும் நான் அட்டவணையைத் திருத்தினேன். ‘சீவுதல் – தினம்’ என்பது ‘வாரம் ஒருமுறை’ ஆயிற்று. காரணம் இதுதான்: பூனையை நன்றாகத் தடவிப் பார்த்தேன், ஒரு சிக்குகூட இல்லை. சிக்கே இல்லாத பூனைக்கு எதற்குத் தினமும் சீப்பு? தினமும் சீவியதால்தான் சிக்கு இல்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை. கம்பெனியில் இப்படி யாராவது யோசித்திருந்தால் அவருக்கு நான் ஒரு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருப்பேன்.

அம்மாவிடம் ஒரே ஒரு நிபந்தனை இருந்தது.

“வூட்டுக்குள்ள வரக் கூடாது. சோத்துல முடி வுழும்.”

ஆகவே பூனை பின்பக்கத் தாழ்வாரத்தில் குடியேறியது. அக்கா வீட்டில் அது டைல்ஸ் தரையில் வளர்ந்தது. எங்கள் பின்பக்கத்தில் இருந்தவை வைக்கோல் போர், துணி துவைக்கிற கல், வேலியோரம் இடுப்புயரத்துக்கு நாயுருவிச் செடி. கிட்டே போனாலே புடவையில் விதையை ஒட்டிவிடும் செடி அது. பூனைக்கு அந்த இடம் மிகவும் பிடித்துவிட்டது. வைக்கோலில் குழி பறித்துத் தூங்கியது. வேலியோரம் ஓணான் துரத்தியது. சந்தோஷமாக இருக்கிறது என்று அட்டவணையின் ஓரத்தில் எழுதினேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை சீப்பை எடுத்தேன். முதுகில் வழுக்கிக்கொண்டு போனது. இடது முன்னங்காலின் அடியில் நின்றது. பூனை திரும்பி என்னைப் பார்த்தது. ‘இடது அக்குள், சிறு முடிச்சு, கண்காணிக்க வேண்டும்’ என்று எழுதினேன். எங்கள் கம்பெனியில் கண்காணிக்க வேண்டும் என்று எழுதினால், அடுத்த ஷிஃப்ட்காரர் பார்த்துக்கொள்வார் என்று பொருள். இங்கே அடுத்த ஷிஃப்ட் கிடையாது.

சிறு முடிச்சு நான்கே நாளில் எலுமிச்சம்பழ அளவுக்கு வந்தது. பிறகு அக்குளிலிருந்து மார்புக்கும், மார்பிலிருந்து கழுத்துக்கும் பரவி, வாசலில் போடுகிற தேங்காய்நார் மிதியடியைப் போல ஒரே பாளமாகியது. வலது பக்கத்தில் ஏன் வரவில்லை என்றால், பூனை எப்போதும் இடது பக்கமாகவே வைக்கோலில் படுக்கும். இந்த உண்மையை நான் கண்டுபிடித்து எழுதியும் வைத்தேன். பூனைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

எனக்குப் பயன் இருந்தது. அக்கா தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு வீடியோ காலில் வருவார். “எம் பொண்ணக் காட்டு” என்பார். நான் வலது பக்கத்தைக் காட்டுவேன். அதற்காக நாலே முக்காலுக்கே பூனைக்கு முன்னால் ஒரு துண்டு நெத்திலியை வைத்து, அது திரும்பாதபடி இடம் பார்த்து உட்கார்ந்துவிடுவேன். அக்கா “மெலிஞ்சிருக்குதா?” என்று கேட்பார். “இல்லக்கா, நல்லா சாப்பிடுது” என்பேன். சொன்னது அத்தனையும் உண்மை; சொல்லாதது இடது பக்கத்தில் இருந்தது.

அம்மா இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

“சிக்குன்னா இன்னா பண்ணுவாங்க? எண்ண வைப்பாங்க. நீ அஞ்சாவது படிக்கிறப்போ ஒந் தல இத வுட மோசமா இருந்துது.”

பூனைக்கும் எனக்கும் ஒரே சிகிச்சை எப்படிச் சரியாகும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அன்று செவ்வாய்க்கிழமை, கையில் தேங்காயெண்ணெய்க் கிண்ணம், நானே இரண்டு ஸ்பூன் அளந்து, போதவில்லை என்று தோன்றி, உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்தேன். பூனை பொறுமையாக இருந்தது. கையை எடுத்ததும் நேராக வைக்கோல் போருக்குப் போய்ப் புரண்டது. திரும்பி வந்தபோது கழனியில் குருவி விரட்ட நிற்கும் பொம்மையைப் போல இருந்தது.

“எண்ண வச்சா தல முழுவணும் இல்ல?” என்றாள் அம்மா, இது தெரியாதா என்பதுபோல.

சீயக்காயா, குழந்தைகள் ஷாம்பூவா என்று சாதக பாதகம் எழுதிப் பார்த்தேன். சீயக்காய் கண்ணில் எரியும் என்று ஷாம்பூவைத் தேர்ந்தெடுத்தேன். இந்த முழு விவகாரத்திலும் நான் எடுத்த ஒரே சரியான முடிவு அது. ஆனால் குளிப்பாட்டவே கூடாது என்பதுதான் உண்மையில் எடுத்திருக்க வேண்டிய முடிவு. நனைந்து காய்ந்த சிக்கு இறுகிவிடும். முந்தின நாள் விரலாவது நுழைந்த இடத்தில் இப்போது ஊசி நுழையாது.

மறுநாள் காலையில் பல் துலக்கிக்கொண்டே பின்பக்கம் வந்தேன். துவைக்கிற கல் வெயில் ஏறுவதற்கு முன் பூனை உட்காரும் இடம். ஒரே தாவலில் ஏறிவிடும். அன்று கல்லுக்குக் கீழே நின்று மேலே பார்த்தது. முன்னங்காலைத் தூக்கியது, பாளம் தோலோடு சேர்த்து இழுத்தது, காலைக் கீழே வைத்துவிட்டது. இன்னொரு முறை தூக்கியது. பிறகு கல்லின் அடியிலேயே படுத்துக்கொண்டது. நடக்கும்போதும் நொண்டியது.

அன்றைக்கு லீவு சொல்லிவிட்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். பூனையை வண்டியில் உட்கார வைக்கும் தைரியம் இல்லாததால் போட்டோ மட்டும் எடுத்துப்போனேன். டாக்டர் ஒரு கன்றுக்குட்டிக்கு ஊசி போட்டுவிட்டு, கைகழுவாமலே என் போனை எட்டிப் பார்த்தார்.

“எண்ண வச்சது யாரு?”

“எங்க அம்மா சார்,” என்றேன். அம்மா அங்கே இல்லை.

“கத்திரிக்கோல் வைக்கக் கூடாதும்மா. தோலு பேப்பர் மாதிரி, சிக்குக்குள்ள ஏறிக்கினு இருக்கும். முடின்னு நெனச்சி வெட்டினா தோலு வந்துடும். அடியில சீப்ப நொழச்சி, அதுக்கு மேல முடி வெட்ற மெஷின ஓட்டு. சீப்பு நொழயலன்னா இங்க கொண்டாந்துடு.”

“முடிய எடுக்காம, கொஞ்சங் கொஞ்சமா பிரிச்சி எடுக்க முடியாதா சார்?”

“முடியும். பூன ஒத்துக்கணும் இல்ல?”

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு அந்த ‘முடியும்’ மட்டுமே காதில் விழுந்துகொண்டிருந்தது. அன்று மத்தியானம் ஓரத்திலிருந்து விரலால் பிரித்துப் பார்த்தேன். இருபது நிமிடத்தில் இரண்டு விரல்கடை; ஒரு நாளைக்கு அதற்கு மேல் பூனை உட்காராது. அந்த வேகத்தில் ஒன்பது நாள். அக்கா வருவதற்கு இருந்தது எட்டு நாள். ஒருநாள் ஞாயிறு, கூடுதல் நேரம் போடலாம். கணக்கு சரியாக வந்தது. முடி போகாமல் திருப்பிக் கொடுத்துவிடலாம். யாருக்கும் எதுவும் சொல்லவேண்டியதில்லை.

அம்மாவிடம் இந்தக் கணக்கைத் தாளில் காட்டினேன். அவள் தாளைப் பார்க்காமல் பூனையைப் பார்த்தாள்.

“அப்ப ஒம்போது நாளு அது நொண்டணும்.”

“கொஞ்சங் கொஞ்சமா சரியாயிடும்மா.”

“வலிக்கிறது அதுக்கா ஒனக்கா?”

ஐந்து மணி ஆகிவிட்டிருந்தது. போன் அடித்தது. நெத்திலி எடுத்துவைக்க மறந்திருந்தேன்.

“இன்னாம்மா, நேத்துலருந்து ஒரே பக்கமா படுத்துக்கினு இருக்குது?” என்றார் அக்கா.

தூக்கம் என்று சொல்ல வாய் தயாராக இருந்தது. நான் எழுந்து பூனைக்கு அந்தப் பக்கம் போய், போனைத் திருப்பிப் பிடித்தேன்.

“அக்கா, இது இடது பக்கம். திட்டறதா இருந்தா அப்புறமா திட்டுங்க.”

அக்கா முகத்தைப் போனுக்குக் கிட்டே கொண்டுவந்தார்; பின்னால் பிறந்த குழந்தை அழுதது.

“எத்தினி நாளா?”

“எட்டு ஒம்போது நாளா.”

“தெனம் சீவினியா?”

“வாரம் ஒரு தடவ.”

“நான் அப்பிடியா சொன்னேன்?”

“இல்லக்கா. நாந்தான் மாத்தினேன்.”

“எதுக்கு?”

இதற்கு என்னிடம் ஒரு பத்தி நீளத்துக்குப் பதில் இருந்தது. அக்கா அதற்குக் காத்திருக்கவில்லை.

“முடி போனா மொளைக்கும்,” என்றார் அக்கா. குரலில் சிரிப்பு இல்லை. “இப்பவே எடுத்துடு. போன ஆஃப் பண்ணாத, நான் பாக்கணும்.”

ஊறுகாய் ஜாடியில் போனைச் சாய்த்து வைத்தேன். மெஷின் என்று வீட்டில் இருந்தது, கொரோனாவில் சலூன் மூடியிருந்தபோது அப்பா தாடிக்கு வாங்கிய டிரிம்மர். வேலை முடிந்ததும் வெந்நீரில் கழுவி, டெட்டால் போட்டுத் துடைத்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அப்பாவுக்கு இன்றுவரை தெரியாது. இதைப் படித்தால் தெரியும்.

வீட்டுக்குள் வரக்கூடாது என்று சொன்ன அம்மாதான் பூனையைப் பழைய துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

“இருடி, இரு,” என்றாள் அதனிடம். “இவ கையில மாட்டினா அப்பிடித்தான். நான் இருபத்தாறு வருஷமா பாக்கறேன்.”

சீப்பின் ஓரத்தைத் தோலுக்கும் பாளத்துக்கும் நடுவில் கொஞ்சம் கொஞ்சமாக நுழைத்தேன். நுழைந்தது. அதற்கு மேல் டிரிம்மரை வைத்து அரிசி அளவு, அரிசி அளவாக ஓட்டினேன். பிளேடு சூடாகிறதா என்று மணிக்கட்டில் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஜாடியிலிருந்து அக்கா பேசிக்கொண்டே இருந்தார். “அவசரப்படாத. கால இழுக்காத. அம்மா, கழுத்தாண்ட சொறிஞ்சி வுடுங்க, அதுக்குப் புடிக்கும்.” பூனை இரண்டு முறை உறுமியது. இரண்டு முறையும் நிறுத்திக் காத்திருந்தோம். கடைசியில் பாளம் ஒரே துண்டாக, கையுறையைக் கழற்றியதுபோல வந்தது. உள்ளே மூன்று நாயுருவி விதை, வைக்கோல் துணுக்கு, போகாத தேங்காயெண்ணெய் வாசனை. அடியில் தோல் ரோஜா நிறத்தில், அங்கங்கே சிவந்து இருந்தது. வெட்டு இல்லை.

துண்டைப் பிரித்ததும் பூனை நான்கடி நடந்து உடம்பை உதறியது. நொண்டவில்லை. கல்லைப் பார்த்தது. ஒரே தாவல். மேலே உட்கார்ந்து, நான் பத்து நாளாக எட்டவிடாமல் செய்த இடத்தை ஆற அமர நக்க ஆரம்பித்தது. வலது பக்கத்திலிருந்து பார்த்தால் பெர்ஷியன். இடது பக்கத்திலிருந்து பார்த்தால் மீன்கடைப் பூனை.

“இப்ப திட்டட்டுமா?” என்றார் அக்கா. திட்டினார். அதை நான் எழுதிக்கொள்ளவில்லை.

இருபதாம் நாள் அக்கா வந்தார். பேத்தி பிறந்த இனிப்பை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, பூனையைத் தூக்கி இடது காலை விரித்துப் பார்த்தார். “கீறல் இல்ல. அது வரைக்கும் சரி,” என்றார். நான் நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். காரணம் என்ற கட்டத்தில் ‘நான்’ என்று இருந்தது. வெறும் மனிதத் தவறு என்று எழுதினால் எங்கள் கம்பெனியில் ஏற்க மாட்டார்கள். இன்னும் ஆழமாகப் போகச் சொல்வார்கள். அக்கா அவ்வளவு ஆழத்துக்குப் போகவில்லை. தாளை நான்காக மடித்தார். அடுத்த நாள் அவர் வீட்டுக்குப் போனபோது அது பூனையின் சாப்பாட்டுத் தட்டுக்கு அடியில் இருந்தது.

பேத்தியின் நாற்பதாம் நாள் சடங்குக்கு அவர் மறுபடியும் கடலூர் போகவேண்டி வந்தது. மூன்று நாள். பூனையோடு வந்தார். இடது பக்கத்தில் முடி பஞ்சுபோல முளைத்திருந்தது. நான் கதவருகிலேயே நின்றேன்; கையில் பேனா இல்லை என்று தெரியும்படி நின்றேன். அக்கா என்னைத் தாண்டிப் போய், பூனையையும் சீப்பையும் அம்மா கையில் கொடுத்தார்.

“தெனம்,” என்றார்.

“ம்,” என்றாள் அம்மா.

அவ்வளவுதான் ஒப்படைப்பு. மூன்று நாளும் நாலு மணிக்கு அம்மா கல்லின்மேல் உட்கார்ந்து சீவினாள். எங்கேயும் எழுதவில்லை. எனக்குத் தட்டு கழுவுகிற வேலை. கடைசி நாள், அவள் எழுந்து போன பிறகு, பூனையின் இடது அக்குளில் இரண்டு விரலை விட்டுப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு போனது.

“இன்னாடி தடவற?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. “ஆடிட்டா?”