கூண்டு ஏறிய நாளும் மாடி ஷவரும்

கடலூர்த் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்றால் சிதம்பரத்தில் என் கை சும்மா இருக்காது. நான் கடலூர்ப் பக்கத்து மீனவர் குப்பத்தில் பிறந்தவள். காற்று வருவதற்குள் கட்ட வேண்டியதைக் கட்டி, மூட வேண்டியதை மூடிவிடுவது எங்களுக்குப் பிறவிப் பழக்கம். கோயில் பக்கத்திலேயே வளர்ந்த என் வீட்டுக்காரருக்கு இது வேடிக்கை. "தெருவுல ஒரு எல அசையல, அதுக்குள்ள கயிறா?" என்பார். அந்தக் கார்த்திகையிலும் சிரித்தார். நான் மொட்டை மாடி முழுக்க வரிந்து கட்டினேன். புயலில் தெருவில் பல வீட்டுத் தகரம் பறந்தது. எங்கள் வீட்டில் ஒரு துணிக்கிளிப் கூடத் தொலையவில்லை. அதைச் சொல்லிக்காட்டாமல் நான் ஒருநாளும் இருந்ததில்லை.

அடிபட்டது அவருக்குத்தான். மறுநாள், விழுந்து கிடந்த முருங்கைக் கிளையை இழுக்கப் போய் வழுக்கி, காறை எலும்பை முறித்துக்கொண்டார். கட்டுப் பிரித்த பிறகும் குனியக் கூடாது, கையைத் தூக்கக் கூடாது என்றார் டாக்டர். வாளியில் மொண்டு குளித்தே பழகிய மனிதர். நான்தான் ஊற்றிவிட்டேன். முடியும்வரை கண்ணை இறுக மூடிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். சோப்பு எரிகிறதாக்கும் என்று நினைத்தேன். மூன்றாம் நாள், கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "அந்த ஷவருல தண்ணி ஒழுங்கா வந்தா நானே குளிச்சுக்குவேன்." அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இத்தனை வருஷம் கழித்து என்னிடம் கூச்சப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

கீழ்வீட்டை வாடகைக்கு விட்டு நாங்கள் மாடியில் இருக்கிறோம். மாடிக் குளியலறையில் பெயருக்கு ஒரு ஷவர் உண்டு. இருவரும் வாளியிலேயே குளிப்பதால் அதைத் திறப்பதே இல்லை. இப்போது திறந்தால் நூல் நூலாக ஒழுகி, அதுவும் நின்றுவிட்டது. கீழ்வீட்டிலோ குழாயைத் திறந்தால் வாளி அதிரும். உப்பு அடைத்திருக்கும் என்று ஷவரைக் கழற்றிப் புளித்தண்ணீரில் ஊறவைத்து, ஊசியால் ஓட்டை ஓட்டையாகக் குத்தினேன். பலனில்லை. பிளம்பர் வந்தார். மொட்டை மாடிக்கு ஏறாமலே, "டேங்க் ஒசரம் பத்தலம்மா. தூண் கட்டி மேல ஏத்தணும், இல்லனா மோட்டார் வைக்கணும்" என்றார்.

"வீடு கட்டுனப்ப வந்துச்சே. இப்ப டேங்க் கீழ எறங்கிடுச்சா?" என்று ஆரம்பித்தேன். கொத்தனாரில் தொடங்கி டேங்க் விற்ற கடைக்காரர் வரை ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. பிளம்பர் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலையில் என் வீட்டுக்காரரை ஷவருக்கு அடியில் நிற்க வைத்துவிட்டு நானே மேலே ஏறினேன். டேங்கிலிருந்து மாடிக் குளியலறைக்கு இறங்கும் குழாயைத் தடவிக்கொண்டே போனேன். காற்று போய் வர அதிலிருந்து ஒரு குழாய் நேராக மேலே நிற்கும். அதன் வாய் திறந்தே இருக்க வேண்டும். அதன் தலையில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் கவிழ்ந்திருந்தது. கிழித்த சைக்கிள் டியூபை நாலு சுற்றுச் சுற்றி, எங்கள் குப்பத்து முடிச்சு. இந்தத் தெருவில் அந்த முடிச்சைப் போடத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

மழைத்தண்ணீர் இறங்கிவிடக் கூடாதென்று புயலுக்கு முன்னால் மூடியவள், அவிழ்க்க மறந்திருக்கிறேன். கரண்ட் இல்லாமல் டேங்க் காலியானபோது குழாய்க்குள் புகுந்த காற்று, வெளியேற வழியில்லாமல் தண்ணீரை மறித்துக்கொண்டு கிடந்திருக்கிறது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: அத்தனை காற்றுக்கும் மழைக்கும் அந்த முடிச்சு இம்மியும் தளரவில்லை என்பதில் எனக்குப் பெருமையும் இருந்தது. பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தேன். குழாய் உஸ்ஸென்று மூச்சு விட்டது. கீழிருந்து அவர் குரல் வந்தது: "வருது, வருது. நல்லா வருது."

பாட்டிலும் கையுமாக இறங்கி, குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று குற்றத்தை ஒப்புக்கொண்டேன். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே சிரித்தார்.

"அப்ப அந்த பிளம்பர எதுக்கு அந்தத் திட்டு திட்டுன?"

"அவரு மேல ஏறிப் பாத்திருக்கணும்ல. சரி, முதுகு தேச்சு விடவா?"

"வேணாம். நீ போ, நான் பாத்துக்குறேன்."

எங்கள் வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீர் கூடுதலாகச் செலவானாலும் என் வாய் சும்மா இருக்காது. அன்று அவர் அரை டேங்கைக் காலி செய்தார். நான் துண்டை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். வெளியே வந்தபோது அவர் கண்கள் சோப்பு பட்டுச் சிவந்திருந்தன. மூடாமலே குளித்திருக்கிறார்.