மழைக்குக் காத்திருந்த தொர்குன்

எப்போதும் நனைந்தே கிடக்கும் பெர்கன் நகரத்து மழையை யாராவது குறை சொன்னால் தொர்குன்னுக்கு மூக்கு நுனி சிவந்துவிடும். அவர் பிறந்தது மழையில், கல்யாணம் மழையில். வெயில் வேண்டுமென்று கணவர் ஸ்பெயினுக்கே போய்விட்டபோது விமான நிலையத்தில் வழியனுப்பியதும் மழையில்தான். மாநாட்டுக்கு வரும் விருந்தினரைப் பேருந்தில் ஏற்றி, ஊரைப் பற்றி ஆச்சரியமான சங்கதிகள் சொல்வது அவர் வேலை. கண்ணாடியில் நீர் வழிய ஆரம்பித்தால் போதும், அவர் குரலில் ஒரு ஜமீன்தார் மிடுக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இந்த முறை வந்தவர்கள் டென்மார்க்கில் கூரை செய்பவர்கள். அவர்களை வரவழைத்ததே தொர்குன் எழுதிய அழைப்புதான்: ‘உங்கள் கூரையைச் சோதிக்க எங்கள் வானம் தயார்.’ ஆண்டுதோறும் இங்கேயே கூடுவதா என்று கடைசி நாளில் சொல்வார்கள். ஆமென்றால் தொர்குன்னின் தற்காலிக வேலை நிரந்தரமாகும் என்று மேலாளர் கௌத்தே வாக்குக் கொடுத்திருந்தார்.

துறைமுகத்தில் மாதிரிக் கூரைகளை நிறுத்தினார்கள். வெயில் அடித்தது. மறுநாளும் அடித்தது. ஊரே சட்டையைக் கழற்றிவிட்டுப் புல்வெளியில் மல்லாந்து கிடந்தது. அலுவலகங்களில் தொலைபேசியை எடுக்க ஆளில்லை. பேருந்தில் தொர்குன் மட்டும் மழைக்கோட்டைக் கழற்றவில்லை.

“இந்த மலை எப்பவும் மேகத்துக்குள்ளதான் இருக்கும்,” என்றார். உச்சியில் நிற்கும் மரங்களைத் தனித்தனியாகப் பார்க்க முடிந்தது.

“மழைய மியூசியத்துல வெச்சிட்டீங்களா தொர்குன்? டிக்கெட் எங்க வாங்கணும்?” என்றார் கூரைக்காரர்கள் சங்கத் தலைவர் ப்ரெபென். பேருந்தே சிரித்தது.

மதியம் ஸ்பெயினிலிருந்து முன்னாள் கணவர் அழைத்தார். “அங்க வெயில் பொளக்குதாமே? இங்க கொட்டோ கொட்டுன்னு கொட்டுது. கொஞ்சம் அனுப்பி வெக்கட்டுமா?”

தொர்குன் அழைப்பைத் துண்டித்தார்.

அரைக்கால் சட்டையோடு வந்த கௌத்தே ஒரு யோசனை சொன்னார். “குழாய் போட்டுக் கூரை மேல தண்ணி அடிச்சிடலாமா?”

“குழாய்ல வந்தா அது மழையா? நம்ம ஊரப் பத்தி என்னதான் நெனச்சிட்டிருக்க நீ?”

கடைசி நாள். வேகவைத்த இறால் நிறத்தில் ப்ரெபென் மேடையேறினார். “கூரைய ஒருத்தரும் பாக்கல. கூட்டத்துக்கும் பாதிப் பேர் வரல. ஆனா இப்படி ஒரு மாநாடு நடந்ததே இல்ல! இனிமே வருஷா வருஷம் இங்கதான். இவ்ளோ வெயில் அடிக்கிற ஊருன்னு எங்ககிட்ட ஏன் சொல்லவே இல்ல?”

கைதட்டல் அடங்க வெகுநேரமானது. கௌத்தே தொர்குன்னைக் கட்டிக்கொண்டார். “வேல உனக்குத்தான்! அடுத்த வருஷத்து அழைப்ப இப்பவே எழுது. வெயிலப் பத்தி நாலு வரி.”

“அது பொய் கௌத்தே.”

“அவங்க கண்ணால பாத்தாங்களே!”

“அதான் பிரச்சனை. பாத்ததயெல்லாம் நம்பிட்டாங்க.”

கடைசியில் தொர்குன் விசைப்பலகை உடையாத குறையாகத் தட்டி, வெயிலைப் பற்றி நாலு வரி எழுதினார். ஐந்தாவதாகச் சின்ன எழுத்தில், ‘குடையும் கொண்டுவரவும்’ என்று சேர்த்தார். கௌத்தே அதை அழித்தார். தொர்குன் மறுபடி சேர்த்தார்.

“ரெண்டுல ஒண்ணச் சொல்லு,” என்றார் கௌத்தே. “குடையா, வேலையா?”

தொர்குன் வேலையை வைத்துக்கொண்டார். மழைக்கோட்டின் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தார்.