மாரி-ரோஸின் இரண்டாவது பன்றி

சைகோன் நகரத்துப் பென் தான் சந்தையிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கும் ஒரு பழைய ஐந்து மாடிக் கட்டடத்தின் வாசலில், போன வருஷம் ஒரு தகரப் பலகை மாட்டினார்கள். ரோஜா நிறத்தில் ஒரு பன்றி. அதன் வாயில் ஒரு பச்சை இலை. கீழே இரண்டு மொழிகளில் ஒரே வாசகம்: ‘1982 முதல் சுழற்சிப் பொருளாதாரம் வாழும் இல்லம்.’ இலையைக் கவ்விக்கொண்டு அப்படிச் சிரிக்கும் பன்றியைப் பன்றி வளர்த்தவர் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

அந்த 1982-ஆம் வருஷத்துப் பன்றியை வளர்த்தவர் மாரி-ரோஸ். இப்போது வயது அறுபத்தாறு. ஐந்தாம் மாடியில் தனியாக இருக்கிறார். காய்கறிப் பையோடு வாசலைக் கடக்கும்போதெல்லாம் பலகைக்கு எதிர்ப்பக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டே போவார்.

அவருடைய அப்பா காரைக்காலிலிருந்து வந்து சைகோன் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். வீட்டில் தமிழ், பள்ளியில் பிரெஞ்சு, தெருவில் வியட்நாமியம். 1975-இல் நகரம் கம்யூனிஸ்டுகளிடம் கைமாறி, இரண்டு வருஷம் கழித்து, பிரெஞ்சுக் காகிதங்கள் கிடைத்த கையோடு அண்ணன்கள் அகுஸ்தேனும் ழானும் விமானம் ஏறிவிட்டார்கள். அம்மா பக்கவாதத்தில் படுத்திருந்தார். யாராவது ஒருவர் இருந்தாக வேண்டும். யார் என்று அண்ணன்கள் கேட்கவே இல்லை.

மாரி-ரோஸ் கூட்டுறவுத் தையலகத்தில் சட்டைக் காலர் தைத்தார். பங்கீட்டில் வரும் அரிசியில் பாதி சோளம், மீதியில் கல். எதிர்வீட்டு லானும் அவரும் சேர்ந்துதான் அந்தப் பன்றிக்குட்டியை வாங்கினார்கள். மாரி-ரோஸின் குளியலறையில் கட்டினார்கள். மூன்று மாடிகளின் கழுநீரை லான் சேர்த்துக்கொண்டு வருவார். மாரி-ரோஸ் கழுவிவிடுவார். பன்றி கத்தினால் கீழ்வீட்டில் இருந்த கட்டடப் பொறுப்பாளருக்குக் கேட்டுவிடும். அதனால் தவிட்டில் சாராய மண்டியைக் கலந்து ஊட்டினார்கள். தின்றுவிட்டுத் தூங்கும். எட்டடி தள்ளி அம்மா அந்த நாற்றத்தில் வாந்தி எடுப்பார். ஒன்பது மாதம் இரண்டு பெண்களும் நடைபாதையில் போர்வையைக் கட்டி மறைத்துக்கொண்டு குளித்தார்கள். பன்றி விலைபோன பிறகு அம்மாவுக்கு இரண்டு மாத மருந்து வந்தது, லானின் சைக்கிளுக்கு டயர் வந்தது. அன்றிலிருந்து மாரி-ரோஸ் பன்றிக் கறியைத் தொடுவதில்லை.

பிற்காலத்தில் ஒரு ஹோட்டல் வரவேற்பில் இருபது வருஷம் நின்றார், ஓய்வு பெற்றார். இதில் சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை என்பது அவர் எண்ணம். அழகப்பன் வரும்வரை மற்றவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள்.

அழகப்பன் காரைக்குடிப் பக்கத்துப் பிள்ளை. வெளிநாட்டில் எதையோ படித்துவிட்டு, இங்கே ஒரு அறக்கட்டளையின் ‘சமூகப் புத்தாக்க’த் தலைவராக வந்து இறங்கியவர். சட்டைப்பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் மூங்கில் உறிஞ்சுகுழல் வைத்திருப்பார். கட்டடத்தைச் ‘சூழல் சமூகம்’ ஆக்கப்போவதாக அறிவித்து, குடியிருப்போரைக் கூட்டி, ஆளுக்கொரு வண்ணத்தாள் கொடுத்து, அவரவர் கனவை எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னார். எழுபது வயது லான் ‘லிஃப்ட்’ என்று எழுதி ஒட்டினார். அறக்கட்டளை வெளியிட்ட புகைப்படத்தில் அந்தத் தாளை மட்டும் காணோம்.

பிறகு இருநூறு சாக்கு மண் மொட்டை மாடிக்கு ஏறியது. வள்ளைக்கீரை, புதினா, சர்க்கரைவள்ளிக் கொடி. பறித்துச் சாப்பிட யாருக்கும் அனுமதி இல்லை; பார்வையாளர்கள் வரும்போது பாத்தி நிறைந்து தெரிய வேண்டுமாம். முதல் மழைக்கே மாரி-ரோஸின் கட்டிலுக்கு நேர்மேலே ஒழுக ஆரம்பித்தது. கட்டிலை இழுத்துக் கதவருகே போட்டார். பழைய இடத்தில் மூன்று வாளிகள் நின்றன. அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான். ஒழுகல் நிற்க வேண்டும், கட்டில் மறுபடி ஜன்னலுக்குப் போக வேண்டும்.

அதைச் சொல்லத்தான் அழகப்பனைப் பிடித்தார்.

“தம்பி, நாப்பது வருஷமா இந்தக் கூரை ஒழுகுனதில்ல. பாத்ரூம்ல பன்னி வளத்த காலத்துலகூட ஒரு சொட்டு எறங்கல. ஒங்க கீரை வந்துதான்...”

“ஒன் செகண்ட் ஆன்ட்டி. பன்னியா? எந்த வருஷம்?”

“எண்பத்திரெண்டு. நான் கூரையப் பத்திப் பேசுறேன்.”

“கூரையை நோட் பண்ணிக்கிட்டேன். கிச்சன் வேஸ்ட்தான் ஃபீடா? ஓ மை காட், இது பக்கா சர்க்குலர் எகானமி! பன்னியோட பேரு என்ன ஆன்ட்டி?”

“அறுக்கப்போறதுக்கு எவன் பேரு வெப்பான்?”

ஒரு மாதத்தில் வாசலில் பலகை வந்தது. கூரைக்கு யாரும் வரவில்லை.

அடுத்து ஒரு பன்னாட்டு விருதுக்காக நடுவர்கள் மூன்று பேர் முதல் சுற்றுக்கு வந்தார்கள். மூவர் கழுத்திலும் அட்டை, கையில் துணிப்பை. அழகப்பன் அவர்களை நேராக மாரி-ரோஸின் அறைக்குக் கூட்டிவந்தார். நடுவர்கள் வாளிகளைப் பார்த்தார்கள். அழகப்பனின் முகத்தில் ஒரு கணம் ரத்தமில்லை. அடுத்த கணம் ஆங்கிலம் வந்துவிட்டது: இது மழைநீர் சேகரிப்பு, தோட்டமே வடிகட்டித் தருகிறது, இந்த அம்மையார் இதில்தான் தரை துடைக்கிறார். ஹோட்டலில் நின்றவருக்கு அந்த அளவு ஆங்கிலம் புரியும். தரை துடைப்பது உண்மைதான். தரையெல்லாம் தண்ணீர், வேறென்ன செய்வது?

நடுவர்கள் கைதட்டினார்கள். ஒருவர் குனிந்து வாளியைப் படம் எடுத்தார். கதவிடுக்கில் கிடந்த கட்டிலைச் சுற்றிக்கொண்டுதான் மூவரும் வெளியே போனார்கள். அது ஏன் அங்கே கிடக்கிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அன்று மாலை அழகப்பன் பூரித்துப்போய்த் திரும்பி வந்தார்.

“ஆன்ட்டி, ஃபைனல் ரவுண்ட் வந்தாச்சு! ஞாயித்துக்கிழமை, காலைல ஒம்பதரை. வார்டு துணைத்தலைவரே வந்து ரிப்பன் வெட்டுறார். நீங்க மேல தோட்டத்துல நின்னு அந்தப் பன்னிக் கதையைச் சொல்லணும்.”

“மொதல்ல கூரை.”

“ரிசல்ட் வரட்டும் ஆன்ட்டி, ஃபண்டு வந்ததும் ஃபர்ஸ்ட் வேலை அதான். இப்ப மண்ணை நகர்த்தினா செடி எல்லாம் போயிரும், இம்பாக்ட்டே போயிரும்.”

மாரி-ரோஸ் வாளியிலிருந்த தண்ணீரை எடுத்துப்போய்க் குளியலறையில் கொட்டிவிட்டு வந்தார்.

“வெறும் கதை எதுக்கு தம்பி? பன்னியே நிக்கட்டுமே.”

அழகப்பனின் கண்கள் விரிந்தன. “சூப்பர் ஆன்ட்டி! பன்னி மேல நின்னா ஸ்டோரி கம்ப்ளீட். நீங்களே ஏற்பாடு பண்றீங்களா?”

“பண்றேன். நீங்க கேட்டீங்கன்னு போன்ல வியட்நாமியத்துல எழுதி அனுப்புங்க, தமிழ் எழுத்து எனக்கு வராது. வயசாச்சு, மறந்துருவேன்.”

அழகப்பன் நின்ற இடத்திலேயே எழுதி அனுப்பினார், வியட்நாமியத்தில், மூன்று ஆச்சரியக்குறிகளோடு: ஞாயிறு, மொட்டை மாடி, பன்றி, சரி. அவர் மனதில் இருந்தது காகிதக்கூழில் செய்து வண்ணம் பூசிய பன்றி. பன்றி என்றால் அழகப்பனைப் போன்றவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான்.

பக்கத்து மாகாணமான பின் யுவோங்கில், தொழிற்சாலைகளைத் தாண்டி, லானின் தம்பிக்குப் பன்றிக் கொட்டில் உண்டு. விஷயத்தைக் கேட்டதும் லான் இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

“ட்ரோய் ஓய், ரோஸ்! பட்டணத்துக்குள்ள பன்னி வளக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டுட்டாங்க, தெரியாதா ஒனக்கு?”

“தெரியும். அதான் வார்டு ஆளு வர்ற அன்னிக்குக் கொண்டாரச் சொல்றேன்.”

லான் இடுப்பிலிருந்து கையை எடுத்தார். பிறகு, “மண்டி எவ்வளவு கலக்கட்டும்?” என்றார்.

“ஒம்பதரைக்கு எந்திரிக்கிற அளவு.”

ஞாயிறு விடிந்தும் விடியாமலும் பன்றி பிரம்புக் கூடையில், மோட்டார் சைக்கிள் பின்னால் வந்து இறங்கியது. இருபது கிலோ இருக்கும். லானின் தம்பி சாக்கில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு ஐந்து மாடியும் ஏறினார். அது குறட்டை விட்டுக்கொண்டே போனது. வள்ளைக்கீரைப் பாத்திக்குப் பின்னால் கிடத்திவிட்டு வந்தார்கள். காலையில் பலூன் கட்ட வந்த அறக்கட்டளைப் பெண்கள் தொலைவிலிருந்து பார்த்துவிட்டு, பொம்மை நன்றாக வந்திருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள்.

ஒன்பதரைக்கு நடுவர்கள் வந்தார்கள். துணைத்தலைவர் ரிப்பன் வெட்டினார். அழகப்பன் ஒலிவாங்கியைப் பிடித்து, பங்குதாரர், மீள்திறன், வேர்மட்டம் என்று அடுக்கிக்கொண்டிருந்தார். பன்றி எழுந்தது. உடம்பை ஒருமுறை சிலிர்த்துக்கொண்டு, மூக்கைப் பாத்தியில் நுழைத்தது.

பசித்த பன்றி தோட்டத்தைச் சுற்றிப் பார்ப்பதில்லை. புதினாவை மிதித்து, கீரையை வேரோடு பிடுங்கி, சர்க்கரைவள்ளிப் பாத்தியைக் கிழங்குக்காக அடிவரை உழுதது. முதல் இரண்டு நிமிடம் நடுவர்கள் கைதட்டினார்கள். நிகழ்ச்சியில் இதுவும் ஓர் அங்கம் என்று நினைத்திருக்கிறார்கள். ஒருவர் துணிப்பையைத் தரையில் வைத்துவிட்டுப் படம் எடுத்தார். பன்றி அந்தப் பையையும் ஒரு வாய் பார்த்தது.

துணைத்தலைவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். “இதை இங்கே கொண்டுவரச் சொன்னது யார்?”

மாரி-ரோஸ் போனை எடுத்து நீட்டினார். துணைத்தலைவர் படித்தார். ஆச்சரியக்குறிகள் உட்படப் படித்திருப்பார். படித்து முடிக்க நேரமாயிற்று. தான் ரிப்பன் வெட்டிய இடத்தில் தடைசெய்யப்பட்ட கால்நடை, எதிரே மூன்று வெளிநாட்டுக் கேமராக்கள். அந்த இடத்திலேயே ஏதாவது உத்தரவு போடாமல் அவரால் படி இறங்க முடியாது.

அழகப்பனுக்கு ஆங்கிலம் போய்விட்டது. ஊர்ப்பேச்சு மட்டும் மிஞ்சியிருந்தது.

“ஆச்சி! என்ன ஆச்சி இப்படிப் பண்ணிப்புட்டீஹ! எல்லாரும் பாக்குறாஹளே! பொம்மைன்னு சொல்லுங்க ஆச்சி!”

“பொம்மை கீரை திங்குமா தம்பி?”

பன்றி உழுத இடத்தில் தளம் தெரிந்தது. வார்டு ஊழியர் ஒருவர் காலால் மண்ணைத் தள்ளிப் பார்த்தார். தளப்பூச்சு பாளம் பாளமாக வெடித்திருந்தது. விரிசலில் தண்ணீர் தேங்கி நின்றது. இதன் கீழே என்ன இருக்கிறது என்று துணைத்தலைவர் கேட்டார்.

“என் கட்டில் இருந்துது,” என்றார் மாரி-ரோஸ்.

இத்தனை நாளில் அவர் கூரையைப் பற்றிச் சொன்னதை ஒருவர் காதில் வாங்கியது அதுதான் முதல் முறை. அதற்கு ஒரு பன்றி வேண்டியிருந்தது. கால்நடை, தோட்டம், மண் எல்லாவற்றையும் ஒரு வாரத்தில் அகற்றி, தளத்தை அறக்கட்டளையே செப்பனிட வேண்டும் என்று உத்தரவாயிற்று. விருது வேறொரு ஊரில் வேறொரு மொட்டை மாடிக்குப் போனது. அதன் கீழேயும் யாராவது கட்டில் போட்டுப் படுத்திருப்பார்கள்.

இருநூறு சாக்கும் இறங்கின. தளத்துக்குத் தார் பூசினார்கள். அடுத்த பெருமழை அன்று மாரி-ரோஸ் மூன்று வாளிகளையும் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு, மதியம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மழை விட்ட பிறகு வாளிகளுக்குள் கைவிட்டுத் தடவிப் பார்த்தார். பிறகு லானைக் கூப்பிட, இருவருமாகக் கட்டிலை ஜன்னலுக்கு இழுத்தார்கள். லிஃப்ட் இன்னும் வரவில்லை.

அகற்றும் உத்தரவில் கையெழுத்துப் போட வந்த அன்று அழகப்பன் மாரி-ரோஸுக்கு வணக்கம் சொல்லவில்லை. வாசல் பலகையைக் கழற்றி என்ன செய்வது என்றுகூடக் கேட்காமல் போய்விட்டார். லானின் தம்பி வந்து பன்றியோடு பலகையையும் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். பின் யுவோங்கில் அந்தப் பன்றியின் கொட்டிலுக்கு அதுதான் இப்போது கூரை. ஒழுகுவதில்லை என்று லான் சொன்னார்.