தெரியுதா, பாப்பா?

இதை நம்பச் சொல்லி யாரையும் வற்புறுத்தப் போவதில்லை. நான் படித்தது பௌதிகவியல். காரணம் இல்லாமல் எதுவும் நடக்காது என்று படித்துப் பட்டம் வாங்கியவள். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிற எனக்குக் கதை கட்டவும் வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். 2008ஆம் ஆண்டு, ஒக்டோபர் மாதம், ஒரு சனிக்கிழமை. இரத்தினபுரிக்கு மேலே உள்ள ஓர் இறப்பர்த் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் பழைய லயத்தில் நடந்தது.

முதலில் டீவியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் சிறுமியாக இருந்தபோது லயத்தில் கரண்ட் இல்லை. ஆனால் லயத்தில் எங்கள் வீடான காம்பராவில் ஒரு கறுப்பு வெள்ளை டீவி இருந்தது. குமிழைத் திருப்பினால் ‘டக்’ என்று சத்தம் போடும். கார் பேட்டரியில்தான் ஓடும். பேட்டரி இறங்கிவிட்டால் அப்பா அதைச் சாக்கில் சுற்றித் தலையில் வைத்து, டவுனில் கபூர் நானாவின் கடைக்குக் கொண்டுபோய் சார்ஜ் ஏற்றி வருவார். கண்டதற்கெல்லாம் டீவியைப் போட முடியாது. சனிக்கிழமை மாலை ஆறரைக்கு வரும் கார்ட்டூனுக்கு மட்டும்தான்.

ஒரு காது மடிந்த நாய்க்குட்டி. சைக்கிளில் ஏறித் தன் வீட்டைத் தேடிப் போகும். எதிரில் வருகிறவர்களிடமெல்லாம் “மகே கெதர கோ?” என்று கேட்கும். என் வீடு எங்கே என்று அர்த்தம். எங்களுக்குச் சிங்களம் சொல்லிக்கொடுத்ததே அந்த நாய்தான். லயத்துப் பிள்ளைகள் எல்லோரும் எங்கள் வீட்டுச் சிமெந்துத் தரையில் நெருக்கியடித்து உட்காருவோம். பபிள்கம் வாங்கும்போது கிடைத்த அந்த நாயின் ஸ்டிக்கரை டீவியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்தேன்.

மலை மறைப்பதால் படம் லேசில் வராது. வாசல் ஓரத்தில் ஒரு தண்ணீர்க் குழாயை நட்டு, உச்சியில் அன்டெனா கட்டியிருந்தோம். குழாய் சாயாமலிருக்கப் பக்கத்தில் ஒரு கட்டை, இரண்டையும் பிணைத்து ஒரு கம்பி வளையம். அப்பா வெளியே நின்று குழாயைத் திருப்புவார். வளையம் உராயும். க்ரீ...ச்.

“தெரியுதா, பாப்பா?”

“புள்ளி புள்ளியா இருக்குப்பா!”

க்ரீ...ச்.

“இப்ப?”

“சரிப்பா, சரி! வாங்க!”

அவர் கையை எடுத்ததும் படம் போய்விடும். குழாயைப் பிடித்திருக்கும் மனித உடம்பும் ஒருவகையில் அன்டெனாதான் என்று பிற்பாடு படித்தேன். அப்போது எங்களுக்கு அது தெரியாது. அப்பா பிடித்தால் படம் வரும், அவ்வளவுதான். ஆகவே கார்ட்டூன் முடியும்வரை அவர் வெளியே குழாயைப் பிடித்தபடி நிற்பார். மழை பெய்தால் உரச்சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு நிற்பார்.

அடுத்த காம்பரா வெள்ளையம்மா சும்மா இருக்க மாட்டார்.

“ஏம்ப்பா குமாரவேலு, நீ போஸ்டு மரமா பொறந்திருக்கலாம்!”

“பொறந்திருந்தா ஒங்க கோழியெல்லாம் என் தலையிலதானே ஏறும், அக்கா!”

அப்பா அந்தக் கார்ட்டூனை ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. இரவு சாப்பிடும்போது கேட்பார்.

“இன்னிக்கு அந்த நாய் என்னா பண்ணிச்சு?”

நான் சொல்லுவேன். ரொட்டியைப் பிய்த்தபடி முழுவதையும் கேட்பார்.

1996. கார்ட்டூனின் கடைசிப் பகுதி வரும் வாரம். நாய் வீடு போய்ச் சேருமா, சேராதா? பிள்ளைகளுக்கு வேறு பேச்சே இல்லை. அந்தச் சனிக்கிழமை காலையில் அப்பா பேட்டரியோடு டவுனுக்குப் போனார். திரும்பும் நேரம் நல்ல மழை.

“மழ உட்ட பொறகு போங்களே, குமாரு,” என்று கபூர் நானா சொன்னாராம்.

“புள்ளைங்க காத்துக்கிட்டு இருக்கும், நானா.”

அன்று மாலை லயத்துக்கு மேலே மலை சரிந்தது. காம்பராக்கள் தப்பின. வாசல் ஓரத்திலும் குறுக்குப் பாதையிலும் மண் குவிந்தது, மீதி ஓடைக்குள் இறங்கியது. அப்பா பாதையில் வந்திருப்பார், மண் அவரை ஓடைக்குத் தள்ளியிருக்கும் என்றார்கள். நாள் கணக்கில் ஓடையைத் தோண்டினார்கள். அப்பாவும் கிடைக்கவில்லை. பேட்டரியும் கிடைக்கவில்லை.

அம்மா காரியம் செய்ய விடவில்லை. பொட்டை அழிக்கவில்லை. மண்ணோடு சாய்ந்து கிடந்த குழாயைக் கட்டையும் கம்பி வளையமுமாக எடுத்து, வாசலில் குவிந்திருந்த புது மண்ணிலேயே ஆட்களை வைத்து மறுபடி நட்டார்.

“தூரத்துல இருந்து பாத்தா அவருக்கு அடையாளம் தெரியணும்,” என்றார்.

2008இல் நான் படிப்பை முடித்து வந்தபோது லயத்தின் பின்சுவரில் வெடிப்பு விழுந்திருந்தது. இன்னொரு பெரிய மழைக்கு மலை தாங்காது என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். எல்லோரும் கீழே புது வீடுகளுக்குப் போய்விட்டார்கள். அம்மா மட்டும் நகரவில்லை. அவரை எப்படியாவது கூட்டிப்போகத்தான் அந்தச் சனிக்கிழமை நான் வந்திருந்தேன்.

“அவரு வந்து பாத்தா வீடு பூட்டிக் கெடக்கணுமா?”

“மண்ணு எறங்கினா நீயும் போயிருவம்மா.”

“போனாப் போறேன். நீ போ.”

அவ்வளவுதான். அம்மா பின்பக்கம் அடுப்படிக்குப் போய்விட்டார். மழை பிடித்துக்கொண்டது. இடையில் வந்த கரண்டையும் லயம் காலியானதும் வெட்டிவிட்டார்கள். குப்பி லாம்பைக் கொளுத்தி வைத்துவிட்டு, நான் சாமான்களைக் கட்டத் தொடங்கினேன். அம்மா வராவிட்டாலும் சாமான்களையாவது கட்டலாம் என்று... வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

மூலையில் டீவி. துணியை எடுத்தேன். ஸ்டிக்கர் இன்னும் இருந்தது. நாயின் கால் மட்டும் உரிந்துபோயிருந்தது.

பேட்டரியில் மாட்டும் இரண்டு கிளிப்புகளும் பின்னால் தொங்கின. ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. இரண்டையும் எடுத்து இடது கையில் வைத்துக்கொண்டேன். சின்ன வயது ஆசையில் குமிழைத் திருப்பினேன்.

டக்.

ஒன்றும் இல்லை. எப்படி இருக்கும்? கண் கலங்கியது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறரை.

வெளியே ஒரு சத்தம்.

க்ரீ...ச்.

காற்று என்று நினைத்தேன். மழைதான் பெய்தது. காற்றே இல்லை.

க்ரீ...ச்.

டீவியில் ஸ்ஸ்ஸ்... என்று இரைச்சல். திரையின் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. கோடு விரிந்தது. புள்ளிகள்.

கையைப் பார்த்தேன். சிவப்பும் கறுப்பும் என் கையில்தான் இருந்தன.

“தெரியுதா, பாப்பா?”

வாசல் ஓரத்திலிருந்து வந்தது. பக்கத்தில்தான். மழைக்குள் கொஞ்சம் உயர்த்திப் பேசும் அதே குரல்.

கிளிப்புகளை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

க்ரீ...ச்.

“இப்ப?”

புள்ளிகள் ஒதுங்கின. ஒரு ரோடு. ஒரு சைக்கிள். மடிந்த ஒரு காது. “மகே கெதர கோ?” என்றது டீவி. மெலிந்த குரலில்... கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல.

நான் பார்க்காமல் போன பகுதி. நாய் சைக்கிளை விட்டு இறங்கியது. ஒரு கதவின் முன்னால் நின்றது. கதவு திறந்தது.

“இப்ப தெரியுதா?”

என் பின்னால் யாரோ நின்றார்கள். திரும்பினேன்.

அம்மா.

அவர் பயப்படவில்லை. முகம் மட்டும் நனைந்திருந்தது.

“சொல்லு, பாப்பா.”

“அம்மா... ஒனக்கும் கேக்குதா?”

“மழை பேஞ்சாலே கேக்கும். நானும் சரி, சரின்னு எத்தனையோ தடவ சொல்லிட்டேன். டீவி முன்னுக்கு நீதானே ஒக்காருவ? நீ சொன்னாத்தான் விடுவாரு.”

“அம்மா...”

“சொல்லும்மா. எவ்வளவு நேரம்தான் நிப்பாரு? கை வலிக்கும் அவருக்கு.”

க்ரீ...ச்.

“பாப்பா?”

“சரிப்பா...” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். கத்தினேன். “சரிப்பா, சரி! வாங்க!”

டீவி அணைந்தது.

வெளியே மழை மட்டும்.

யாரும் உள்ளே வரவில்லை. அம்மா கதவைத் திறந்து வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன்.

காலையில் அம்மாவே தன் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு முன்னால் இறங்கி நடந்தார். ரோட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன். அவர் நெற்றியில் பொட்டு இல்லை.

அடுத்த மாதப் பெரிய மழையில் லயத்தின் பாதி போய்விட்டது. வாசல் ஓரம் பிளந்து நின்றது. ரோட்டு மண் அள்ளப் போனவர்களில் வெள்ளையம்மாவின் மகன் உதயராஜ் அண்ணனும் இருந்தார். பிளவுக்குள் முதலில் சாக்கில் சுற்றிய பேட்டரியைக் கண்டவர் அவர்தான். பேட்டரியில் கபூர் நானா பெயின்டில் எழுதிய எங்கள் லய நம்பர் அழியாமல் இருந்தது. அதன் பக்கத்தில் அப்பா. ஓடைக்குப் போகவே இல்லை. வாசலுக்கு வந்துவிட்டிருந்தார்.

எடுத்து அடக்கம் செய்தோம். எல்லோரும் கலைந்த பிறகு நான் குனிந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னேன். “அந்த நாய் வீட்டுக்குப் போய்ச் சேந்துருச்சுப்பா.”

திரும்பும் வழியில் உதயராஜ் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அந்தக் குழாயை எடுத்து வைத்திருந்தார்.

“நீ படிச்ச புள்ள. அம்மாகிட்ட சொல்லிராத. இத மட்டும் பாரு.”

குழாய் முழுக்கத் துரு. மண்ணுக்குள் புதைந்திருந்த அடிப்பக்கத்தில் மட்டும், ஒரு கைப்பிடி அளவுக்குத் துருவே இல்லை. பஸ்ஸில் எல்லோரும் பிடிக்கும் கம்பியைப் போலத் தேய்ந்து பளபளத்தது.

“அவரு கை எலும்பு அந்த எடத்துக்கு நேரா இருந்துச்சு, தங்கச்சி,” என்றார். “விரலெல்லாம் விரிஞ்சு... இப்பத்தான் விட்ட மாதிரி.”

எனக்கு ஒன்றுதான் தெரியும்.

அந்தக் குழாயை அங்கே நட்டது, அப்பா மண்ணுக்குள் போன பிறகு.